நிலாவரைக்கு அடியில் நெருப்பில்லை

புத்தூரில் நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக மூன்று கதைகளைக் கேட்டுக்கொண்டு போவார்கள். வானரங்களின் தாகம் தீர்க்க இராமர் அம்பு எய்த இடம் இது. இதற்கு அடியே கிடையாது. இதில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும். இப்போது நாலாவதாக ஒன்றும் காதில் விழுகிறது: இது பழைய எரிமலை வாயாம். இந்தோனேசியாவில் ஏதாவது மலை புகைந்த செய்தி வந்தால் போதும், அடுத்த நாள் இந்தக் கதை கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும்.

முதல் மூன்றையும் அதன்பாட்டில் விட்டுவிடலாம், அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாலாவது அப்படியல்ல. எரிமலை என்றதும் காலுக்குக் கீழே நெருப்பைத் தேடுகிற அந்தப் பழக்கத்திலிருந்துதான் மற்றத் தவறான எண்ணங்கள் எல்லாம் கிளைக்கின்றன.

நம்பிக்கை: எங்கட நிலத்துக்குக் கீழ எரிமலை இருக்கு.

இல்லை. புத்தூர், அச்சுவேலிப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும். மேலே செம்மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். அந்தக் கல்லை உடைத்துப் பார்த்தால் சிப்பியும் பவளமும் பதிந்த அச்சுத் தெரியும். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்கல் அது, எரிமலைப் பாறையல்ல. மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகையாக்கும். குகையின் கூரை ஒருநாள் இடிந்து விழும். அப்படி விழுந்த இடம்தான் நிலாவரை. கடலிலிருந்து உள்ளே ஊறிய உப்புநீர் ஆழத்தில் கிடக்க, இலேசான நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. அடியும் உண்டு, ஐம்பது மீற்றர் சொச்சத்தில்.

திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றைக் காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு கிணறுகளின் சூடும் எரிமலைச் சூடு அல்ல. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழம் இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது. பூமிக்குள் போகப்போக எங்கும் சூடுதான். எரிமலைகள் பெரும்பாலும் புவித்தட்டுகளின் விளிம்புகளில் இருக்கின்றன, இலங்கையோ தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமானில் பாரன் தீவு என்ற எரிமலை நெடுங்காலம் உறங்கி 1991 இல் விழித்தது. அந்தத் தீவில் குடிமக்களே இல்லை.

நம்பிக்கை: அப்ப எரிமலையால எங்களுக்கு ஒண்டும் வராது.

1883 ஓகஸ்ட் 27 ஆம் திகதி காலை, சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கதோவா வெடித்தது. 4,800 கிலோமீற்றர் தள்ளி, ரொட்ரிக்ஸ் தீவில் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைப் பீரங்கி என்று நினைத்தார்கள். இறந்த 36,000 பேருக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பல்ல, வெடிப்பு கிளப்பிய கடலலை. அந்த அலை இலங்கைக்கும் வந்தது. கிழக்குக் கரையில் பாணமையில், நெல் சுமந்துகொண்டு கடலோர மணல்மேட்டைக் கடந்துகொண்டிருந்த கூலித் தொழிலாளரை அடித்துக்கொண்டு போனதில் ஒரு பெண் இறந்தாள்.

எரிமலையிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீற்றருக்கு அப்பால், இந்தத் தீவில் அன்று பதிவான ஒரே சாவு அதுதான். அதே கரையில் மாளிகைகளும் அலுவலகங்களும் இருந்தன, துறைமுகங்களில் துரைமாரும் இருந்தார்கள். கடல் தொடுகிற இடத்தில் தலைச்சுமையோடு நடக்க வேண்டியிருந்தவள் அவள். அவளுடைய பெயரை எந்த அறிக்கையும் பெரிதாக எடுத்துச் சொன்னதில்லை.

2004 டிசெம்பர் 26 இல் வடமராட்சி கிழக்கை அழித்த ஆழிப்பேரலை பூகம்பத்தால் வந்தது, எரிமலையால் அல்ல. ஆனால் சுமாத்திராவையொட்டி ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் இறங்குகிற அதே விளிம்புதான் இரண்டுக்கும் தாய். அங்கும் கரையில் வாடியும் வள்ளமுமாக இருந்தவர்கள்தான் முதலில் போனார்கள். பின்பு எச்சரிக்கை முறைகள் வந்தன. அவை பூகம்பத்தைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டவை. 2018 டிசெம்பர் 22 இரவு, கிரக்கதோவா இருந்த இடத்தில் பின்னர் எழுந்த அனாக் கிரக்கதோவாவின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது, முன்னால் பெரிய பூகம்பம் எதுவும் இல்லாததால் எந்தச் சங்கும் ஊதவில்லை. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம்பிக்கை: ஆட்களைக் கொல்லுறது நெருப்புக் குழம்புதான்.

திரைப்படம் கற்றுத் தந்த பாடம். பெரும்பாலான இடங்களில் எரிமலைக் குழம்பு மெதுவாக நகரும், ஆள் நடந்தே தப்பிவிடலாம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் சந்ததி வாழும் ரெயூனியன் தீவில், பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் அடிக்கடி பொங்குகிறது. 1977 இல் குழம்பு பித்தோன்-செந்த்-ரோஸ் ஊருக்குள்ளேயே இறங்கி, தேவாலயத்தின் வாசல்வரை வந்து, இரண்டாகப் பிரிந்து போனது. வீடுகள் போயின, மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். பிறகு பிரான்ஸ் அங்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தையே கட்டியது.

கொங்கோவின் கோமா நகருக்கு மேலேயுள்ள நியிராகொங்கோவின் குழம்பு மிக இளகியது, வேகமானது. ஆனாலும் 2021 மே 22 இல் அது பாய்ந்தபோது சுமார் முப்பது பேர் இறந்ததற்கு மலையின் குணத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வெளிநாட்டு உதவிப் பணம் நின்றதால் அந்த நகரின் கண்காணிப்பு நிலையம் சில மாதங்களாக முறையாக இயங்கவே இல்லை. கருவி இருந்தது, தரவு அனுப்ப இணையக் கட்டணம் கட்டப் பணமில்லை.

அதிகம் கொல்பவை வேறு. நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில், வாகன வேகத்தில் உருண்டு வரும் சாம்பலும் வாயுவும் ஒன்று. மற்றது சேற்றுப் பெருக்கு. 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவில் நெவாடோ தெல் ருயிஸ் ஒப்பீட்டளவில் சிறிதாகத்தான் வெடித்தது. அதன் வெப்பத்தில் உச்சிப் பனியின் ஒரு பகுதி உருகி, மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு, கொங்கிறீற் கலவை போன்ற பெருக்காக ஆற்றுவழியே இறங்கியது. எழுபது கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த ஆர்மேரோ நகரை அது அடைய இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. குன்றேறி நிற்பதற்கு அது போதுமான நேரம். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நகரம் ஆபத்தில் இருப்பதைக் காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது. அன்று பின்னேரம் சாம்பல் கொட்டியபோது, பயப்படாமல் வீட்டுக்குள் இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. 1845 இல் வந்த இதே மாதிரியான சேறு காய்ந்த நிலத்தின் மேல்தான் அந்த நகரமே எழுந்திருந்தது.

நம்பிக்கை: எரிமலைக்குப் பக்கத்தில போய் ஏன் குடியிருக்கினம்? அவையின்ர பிழைதானே.

நம்மவர்கள் இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். செம்மண்ணின் அருமை தெரிந்து வெங்காயமும் புகையிலையும் போட்ட ஊர்க்காரர், சாம்பல் மண்ணின் அருமை தெரிந்து நெல்லும் மரக்கறியும் போடுகிற ஜாவாக்காரரைப் பார்த்து இதைக் கேட்கலாமா? மண் வளம் பாதிக் காரணம்தான். மீதி, போக வேறு இடமில்லாமை. ஜாவாவின் செமெருவில் மலை கக்கிய மணலை அள்ளி விற்பதே பலருக்குத் தொழில். 2021 டிசெம்பர் 4 இல் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது அவர்களில் மணல் அள்ளப் போனவர்களும் இருந்தார்கள். அதே தீவின் கிழக்கில், இஜென் மலை வாயிலிருந்து கந்தகக் கட்டிகளை எழுபது, எண்பது கிலோ எடையில் தோளில் சுமந்து ஏறுகிறவர்கள் நச்சுப் புகைக்கு நடுவே மூக்கில் ஈரத் துணியைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆபத்து அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, அன்றன்றைய கூலியே அதற்குள்தான் கிடக்கிறது.

2018 யூன் 3 இல் குவாத்தமாலாவில் ஃபுவேகோ வெடித்தது. அதன் அடிவாரத்தில் பணக்காரர் கொல்ஃப் விளையாடும் ஒரு விடுதியும், சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற ஏழைக் கிராமமும் அருகருகே இருந்தன. விடுதி தன் விருந்தினரை முற்பகலிலேயே தானாகவே வெளியேற்றிவிட்டது. கிராமத்துக்கு வெளியேறச் சொல்லி உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை. பிற்பகலில் இறங்கிய சாம்பல் வெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தோ காணாமலோ போனார்கள். மலைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்.

இதை விளங்கிக்கொள்ளக் குவாத்தமாலா போகத் தேவையில்லை. புத்தூர் மேற்கில் கலைமதி கிராமத்து மக்கள், தங்கள் குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிக்கும் மயானத்தை அகற்றச் சொல்லி 2017 இல் நீண்ட நாட்கள் போராடினார்கள். புகை பட வேண்டாம் என்று நிலமுள்ளவர்கள் ஒதுங்கிப்போகிற இடத்தில்தான் நிலமில்லாதவர் குடிசை போட முடிகிறது. அந்தப் புகை சுடலையிலிருந்து வந்தால் என்ன, மலையிலிருந்து வந்தால் என்ன.

நம்பிக்கை: போகச் சொன்னாலும் போக மாட்டினம், எல்லாம் மூடநம்பிக்கை.

இதற்கு எல்லோரும் காட்டுவது மெராப்பி மலையின் காவல் பூசகர் மாரிஜானை. 2010 ஒக்டோபர் 26 இல் மலையை விட்டு இறங்க மறுத்து அவர் இறந்தார், அது உண்மை. அவருக்காகவும் அவரை நம்பியும் தங்கிவிட்டவர்களும் இறந்தார்கள். ஆனால் முகாமுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்கள் பகலில் திரும்பவும் மலையேறியது சாமிக்காக அல்ல, மாட்டுக்குப் புல் போட. பால் மாடுதான் அவர்களின் முழுச் சொத்து. கடைசியில் மாடுகளை நாங்களே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று இந்தோனேசிய அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு விடயத்தில் அரசு தன் மக்களைச் சரியாகப் புரிந்துகொண்டது என்பேன்.

1995 ஒக்டோபர் 30 இல் போருக்கு அஞ்சி வலிகாமத்தை விட்டு மழையோடு மழையாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கயிற்றை அறுத்துவிட்ட மாட்டை நினைத்து, செம்மணி வெளியிலிருந்து திரும்பிப் போகப் பார்த்தவர்களை யாரும் மூடர் என்று சொன்னதில்லை.

நம்பிக்கை: வெளியேறிவிட்டால் தப்பிவிட்டார்கள்.

1991 யூன் 15 இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது, விஞ்ஞானிகள் நாள் குறிக்காத குறையாகச் சொல்லிவைத்ததால் பல்லாயிரம் உயிர்கள் தப்பின. எரிமலை ஆய்வின் பெரிய வெற்றி என்று பாடநூல்கள் சொல்கின்றன, சரியாகவே. அன்று புயல் மழையும் சேர, நனைந்த சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேர் பின்னர் முகாம்களில் செத்தார்கள், பெரும்பாலும் மலைச்சரிவில் வாழ்ந்த ஆயெத்தா பழங்குடிகளின் குழந்தைகள். சின்னமுத்து, வயிற்றோட்டம், நிமோனியா. மலையில் புகை கிளம்புவதை முதலில் கண்டவர்களும் ஆயெத்தாக்கள்தான்.

ஆகவே ஆபத்து வலயப் படத்தைக் காட்டி, இத்தனை பேரை இத்தனை மணித்தியாலத்தில் அப்புறப்படுத்துவோம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கேட்க இருப்பது படத்தைப் பற்றியல்ல. எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? தடுப்பூசி எந்த நாளில்? நாட்கூலி போன நாட்களுக்கு யார் பணம் கொடுப்பது? எப்போது திரும்பிப் போகலாம் என்பதை யார் சொல்வது? வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் பெயர்ந்து வந்து, மல்லாகம் கோணப்புலத்தில் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் நலன்புரி முகாமில் இருந்தவர்களிடம் கேட்டால் இந்தப் பட்டியலை இன்னும் நீளமாகச் சொல்வார்கள்.