பழைய லைட் போர்டுக்கு எந்தத் திரை?

பழைய மேடை விளக்குக் கன்சோல்களில் முதலில் சாவது பெரும்பாலும் மானிட்டர்தான். ஃபேடர் ஓடும், பதிந்துவைத்த க்யூ உள்ளே இருக்கும், விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் சிக்னலும் வெளியே வரும். திரை மட்டும் இருட்டாக இருக்கும். அதைப் பார்த்ததும் போர்டையே காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சென்னையின் மாத்தூர், மணலி பக்கம் ஆடி மாத அம்மன் கோயில் மேடைக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் லைட் கட்டுகிறவர்கள், செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்ட்ராண்டோ ஈடிசியோ கிடைத்தால் திரை இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1986-ல் வந்த டிஎம்எக்ஸ் 512-க்குத்தான் இன்றைய எல்இடி பார் லைட்டும் கட்டுப்படுகிறது. அதற்கும் முந்தைய 0-10 வோல்ட் போர்டாக இருந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முதலில் போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று வரிசையில் 15 பின் இருந்தால் அது விஜிஏ. ஸ்ட்ராண்ட் 500 வரிசை, ஈடிசி எக்ஸ்பிரஷன் 3 எல்லாம் இந்த வகை. இதற்குப் புது டிவி வாங்காதீர்கள். டாஸ் காலத்து எழுத்துத் திரை 720×400 அளவில், நொடிக்கு 70 முறை வரும். பல டிவிகள் அதை ஏற்காமல் 'நோ சிக்னல்' காட்டும். மூடிய ஆபீஸ்களிலிருந்து வரும் 17 அங்குல 'ஸ்கொயர்' எல்சிடியே போதும். எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், வேலைக்கு அது குறையில்லை.

எச்டிஎம்ஐ மானிட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் ரிச்சி தெருவில் கன்வெர்ட்டர் கேளுங்கள். ஆனால் திசையைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடைகளில் குவிந்திருப்பது லேப்டாப்பின் எச்டிஎம்ஐயைப் பழைய புரொஜெக்டருக்கு மாற்றும் சாதனம். அதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. உங்களுக்குத் தேவை விஜிஏவை உள்ளே வாங்கி எச்டிஎம்ஐயாக வெளியே தருவது. அதற்குத் தனியாக யூஎஸ்பி மின்சாரமும் வேண்டியிருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

இரண்டு வரிசையில் 9 பின் இருந்தால்தான் தலைவலி. அது சீரியல் போர்ட்டாகக்கூட இருக்கலாம். பொதுவாக வீடியோவுக்கு ஓட்டை உள்ள சாக்கெட், சீரியலுக்கு நீட்டிய பின். வீடியோதான் என்றால் 1981-ன் சிஜிஏவாகவோ 1984-ன் ஈஜிஏவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சிஜிஏ கிடைமட்டமாக 15.7 கிலோஹெர்ட்ஸில் ஓடும்; இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவை 30-க்குக் கீழே பார்க்கவே மாட்டா. வேறு முனை போட்ட கேபிளால் இது தீராது.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய வீடியோ கேம் இயந்திரங்களுக்காக வந்த ஜிபிஎஸ்-8200 போர்டு. விலை குறைவு. ஆனால் அது எதிர்பார்ப்பது 0.7 வோல்ட் அனலாக், சிஜிஏ தருவதோ 5 வோல்ட் டிஜிட்டல். நடுவில் ரெசிஸ்டர் வைத்துக் குறைக்க வேண்டும். 'இன்டென்சிட்டி' கம்பியை விட்டுவிட்டால் 16 நிறம் 8 ஆகிவிடும். எந்தச் சேனல் பதிவில் இருக்கிறது, எது கையில் பிடித்திருக்கிறது என்று நிறத்தாலேயே சொல்லும் போர்டில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது, ராஸ்பெர்ரி பை ஸீரோவோடு சேர்ந்து ஓடும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ. நிறம் பிசகாது, எழுத்தும் கூர்மையாக வரும். செலவு கூடினாலும் நான் இதைத்தான் சொல்வேன். கன்வெர்ட்டரில் படம் ஒன்றிரண்டு ஃபிரேம் பிந்துமே என்று பயம் வேண்டாம். டிஎம்எக்ஸ் கன்சோலிலிருந்து நேராக டிம்மருக்குப் போகிறது. பிந்துவது உங்கள் கண்ணுக்கு மட்டும்.

இந்த வேலைக்கு நாடகக்காரரைத் தேட வேண்டாம். திருவொற்றியூர், அம்பத்தூர் பட்டறைகளில் பழைய சிஎன்சி மெஷினின் குழாய்த் திரையை எடுத்துவிட்டு எல்சிடி போடும் சர்வீஸ்காரருக்கு இதே அலைவரிசைச் சிக்கல் பழக்கமானது.

இன்னொரு குழாய் மானிட்டரையே தேடிப் பிடிப்பது? படம் அச்சு அசலாக வரும். ஆனால் எண்ணூர்க் காற்றின் உப்பும் தூசியும் உயர் மின்னழுத்தப் பகுதியில் படிந்தால் பொறி பறக்கும். அணைத்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கும். தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. லாரியில் ஏற்றி இறக்கும் வாடகைத் தொழிலுக்கு இது ஒத்துவராது.

கன்சோலையே விட்டுவிட்டு லேப்டாப்பில் க்யூஎல்சி ப்ளஸ் போடலாம், இலவசம். ஒரு யூஎஸ்பி-டிஎம்எக்ஸ் டாங்கிள் வேண்டும். ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவருக்கு இதுவே மேல். மெல்லிசைக் கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு கை ஓட வேண்டுமென்றால் ஃபேடருக்கு மவுஸ் ஈடாகாது.

வாடகைக்கு விடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 15 பின் போர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலை பேசப் போகும்போதே ஒரு ஸ்கொயர் மானிட்டரைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, பழைய ஃபிளாப்பியிலிருந்து ஒரு ஷோவை ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.