அடுத்த மனையில் வளரும் பகை

செடி என்றால் நட்டு, நீர் ஊற்றி, வேலி கட்டிக் காக்க வேண்டும் என்பதே நாம் அறிந்தது. நடுவாரும் ஊற்றுவாரும் இன்றிப் பெங்களூரின் காலி மனைகளிலெல்லாம் தானே தழைக்கும் செடி ஒன்று உண்டு. கொத்துமல்லியை ஒத்த இலையும், சிறு வெண்பூக்களும் உடையது. பெயர் பார்த்தீனியம். இவ்வூர்க் கன்னட நண்பர்கள் அதனைக் ‘காங்கிரஸ் கிட’ என்பர்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1950-களின் நடுவில் புனேயில் இது பரவியிருப்பது கண்டறியப்பட்டது. பின்னர்க் கருநாடகத்திலும் பெருகவே, 1975-ல் மாநில அரசு இதனைத் தீங்கு தரும் களை என்று அறிவித்தது.

அயல்நாட்டிலிருந்து வந்ததனால் இது பகையாயிற்று என்று எண்ணிவிடலாகாது. நம் குழம்புக்குக் காரம் தரும் மிளகாயும் அக்கண்டத்துச் செடியே. பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நான், வந்தது ஒன்றையே குற்றமாகச் சொல்லேன். மிளகாய் பயன் தந்து நிலைத்தது. பார்த்தீனியமோ பிறர்க்கு இடம் விடாமல் நிலைக்கின்றது. குற்றம் அங்கேதான் இருக்கின்றது.

அது எவ்வாறு இடம் பிடிக்கின்றது? முளைத்த சில வாரங்களிலேயே பூத்துவிடுகின்றது. நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்க வல்லது. காற்றும் மழைநீரும் மண் லாரியின் சக்கரமும் அவற்றைச் சுமந்து செல்கின்றன. செடியிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள் மண்ணில் கலந்து, அயலிலுள்ள விதைகள் முளைப்பதையும் தடுக்கின்றது. தீண்டியவருள் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தம் தும்மலையும் இழுப்பையும் தரும்.

இதனை ஒழிக்கும் வழி யாது? அரிவாளால் அறுத்தால் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆதலின் மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்னரே, வேரோடு பிடுங்குதல் வேண்டும். கையுறையும், முழுக்கைச் சட்டையும், மூக்கை மூடும் துணியும் இன்றியமையாதவை. கூலிக்கு வந்தவரை வெறுங்கையால் பிடுங்கச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது கொடுமை. நம் தோலுக்கு ஆகாதது அவர் தோலுக்கும் ஆகாது. பூக்காத செடியை எருக்குழியில் இடலாம். பூத்ததை இழுத்துச் சென்றால் விதையை நாமே விதைத்தவராவோம். வெறுமையான இடத்தில் களை மீண்டும் வரும். ஆகவே அங்கே துலுக்கச் சாமந்தியையோ தகரையையோ விதைத்து நிலத்தை மூடிவிடுதல் நலம். உப்புக் கரைசலும் இச்செடியைக் கருக்கும். ஆனால் மண்ணைக் கெடுப்பதால் தோட்டத்துக்கு ஆகாது.

இப்போரில் நமக்குத் துணை ஒன்றும் உண்டு. மெக்சிகோவிலிருந்து தருவித்த சிறு வண்டினத்தை, இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1984-ல் பெங்களூரில் விட்டனர். மழைக்காலத்தில் வண்டும் அதன் புழுவும் இலைகளைத் தின்று தீர்க்கும். வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் உறங்கும். களை வந்த கண்டத்திலிருந்தே அதன் பகைவனும் வந்தான்! எனினும், வண்டு உறங்கும் காலத்திலும் ஈரங் கண்ட இடத்தில் களை முளைக்கும். அப்போது கை நம்முடையதாகத்தான் இருத்தல் வேண்டும்.

நம்மிற் பலர் வாடகை அறைகளில் வாழ்பவர். “மனை நமதன்று, நமக்கென்ன?” என்று கேட்கலாம். மனைக்குரியவர் வேற்றூரில் இருக்கலாம். ஆனால் மகரந்தம் நம் சன்னல் வழியேதான் வருகின்றது. ஒவ்வாமை இல்லாத நண்பர்கள் நால்வர் கூடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மனையைத் தூய்மை செய்துவிடலாம். அடுத்த மழை முடிந்ததும், பூக்கள் வெளுக்கும் முன்னே, தொடங்குவோமாக.