முடிவுரையில் முடிவு எங்கே?

ஆய்வேடு எதைக் கையில் எடுத்தாலும் கடைசி இயலைத்தான் நான் முதலில் புரட்டுவேன். பெரும்பாலும் இப்படி இருக்கும்: “முதல் இயலில் ஆய்வின் நோக்கம் கூறப்பட்டது. இரண்டாம் இயலில் முன்னாய்வுகள் தொகுக்கப்பட்டன. மூன்றாம் இயலில் தரவுகள் ஆராயப்பட்டன.” சரி, ஆராய்ந்தீர்கள். என்ன தெரிந்தது? அதற்கு அங்கே பதில் இருக்காது. மேலே ‘முடிவுரை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, உள்ளே இருப்பதோ தொகுப்புரை.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான். படம் முடிந்தாலும் முடிவு, “என்ன முடிவு பண்ணினீங்க?” என்று சம்பந்தி வீட்டார் கேட்டாலும் முடிவு. மாணவர்கள் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஆய்வேட்டை முடித்துவைத்துவிடுகிறார்கள். நெறியாளரும் தேர்வாளரும் கேட்பது சம்பந்தி கேட்கிற முடிவை.

வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கக் கொடைக்கானல் வரை போவோம். அங்குள்ள சூரிய வான்நோக்கு நிலையம் 1899இல் தொடங்கியது. 1907இல் அங்கே வேலைக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியக் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். கரும்புள்ளி என்பது சூறாவளிபோல் சுழலும் வாயு, அந்தச் சுழற்சியே காந்தப்புலத்துக்குக் காரணம் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியின் நடுவில் கருத்த பகுதி, அதைச் சுற்றி மங்கலான வளையம். அந்த வளையத்துக்குப் புறநிழல் என்று பெயர். சூரிய வட்டின் விளிம்பைப் பார்த்த பக்கத்துப் புறநிழலில் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தன. வட்டின் மையத்தைப் பார்த்த பக்கத்தில் நீலத்தை நோக்கி நகர்ந்திருந்தன. புள்ளி வட்டின் நடுவே இருந்தபோது இந்த நகர்வே இல்லை.

இதுவரை நான் எழுதியது சுருக்கம். என்ன செய்தார், எதைப் பார்த்தார் என்பதோடு நிற்கிறது. இப்போது முடிவுக்கு வாருங்கள்.

விலகிப்போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமும், நெருங்கிவரும் பொருளின் ஒளி நீலப் பக்கமும் நகரும். விளிம்பருகே உள்ள புள்ளியை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். அங்கே விளிம்புப் பக்கம் விலகுகிறது, மையப் பக்கம் நெருங்குகிறது என்றால் வாயு புள்ளியிலிருந்து வெளியே பாய்கிறது. நடுவில் நேர்மேலிருந்து பார்க்கும்போது நகர்வு மறைகிறது என்றால் அது மேலும் கீழுமாக ஓடவில்லை, சூரியப் பரப்பை ஒட்டிப் படுக்கையாக ஓடுகிறது. சுழற்சியாக இருந்தால் விளிம்புப் பக்கமும் மையப் பக்கமும் சும்மா இருந்திருக்கும். குறுக்கே உள்ள மற்ற இரண்டு பக்கங்களில்தான் நகர்வு தெரிந்திருக்கும். ஆக, இந்த நகர்வைச் சூறாவளியால் விளக்க முடியாது. வாயு புள்ளியின் மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் வெளிநோக்கிப் பாய்கிறது, வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இன்று உலகம் இதை எவர்ஷெட் விளைவு என்கிறது.

இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் புதிய தரவு எதுவும் இல்லை, ஆனால் புதிய அறிவு இருக்கிறது. ‘ஆக’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலை அது.

இனி உங்கள் மேசைக்கு. முதலில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். கேள்விக்குறியோடு முடிய வேண்டும். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு – ஓர் ஆய்வு’ என்பது கேள்வி அல்ல. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘அதற்குப் பிறகு பூம்பாறை விவசாயிக்குக் கிடைக்கும் விலை கூடியதா?’ என்பது கேள்வி. கேள்வி இல்லாத ஆய்வேட்டுக்கு முடிவுரை எழுத யாராலும் முடியாது, அதனால்தான் பலர் தொகுப்புரைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

அடுத்து ஒரு முழுத்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘அதனால் என்ன’. பூண்டு ஆய்வையே வைத்துக்கொள்வோம், என் கற்பனைதான். இடப்பக்கம்: குறியீட்டுக்குப் பிந்தைய ஆண்டில் வடுகபட்டிச் சந்தையில் விலை ஏறியது, அதே ஆண்டில் மழையால் விளைச்சல் குறைந்தது, குறியீடு கிடைத்த செய்தியே தெரியாத விவசாயிகளும் இருந்தார்கள். இந்த மூன்றையும் வரிசையாக எழுதி நிறுத்தினால் அது சுருக்கம். வலப்பக்கத்தில் மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். விலை ஏறியதற்கு வரத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். விற்கிறவருக்கே தெரியாத குறியீட்டை வைத்து அவர் விலை பேசியிருக்க முடியாது. எனவே விலையேற்றத்தைக் குறியீட்டின் பலனாகக் கொள்ள இந்தத் தரவு போதாது. ‘போதாது’ என்பதும் முடிவுதான். அதை எழுதக் கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட்டு, ‘குறியீட்டால் விவசாயிகள் பெரிதும் பயனடைந்தனர்’ என்று எழுதுகிறவர்களுக்குத்தான் வாய்மொழித் தேர்வில் வியர்க்கும்.

மூன்றாவது வேலை பலருக்கு விசித்திரமாகப் படும். இயல்களையெல்லாம் மூடிவைத்துவிட்டு, அந்த வலப்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவுரையை எழுதுங்கள். இயல்கள் திறந்திருந்தால் கை தானாக நகலெடுக்கப் போகும். சுருக்கத்தை அதற்குப் பிறகு, இயல்களைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுங்கள். முகப்பில் வரும் ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியிலும் கடைசியாக. சுருக்குவது இளப்பமான வேலை என்று நான் சொல்லவில்லை. நன்னூல் அடுக்கும் 32 உத்திகளில் தொகுத்துச் சுட்டலும் ஒன்று. முந்நூறு பக்கத்தை முக்கால் பக்கத்தில் சொல்லத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் அதற்குப் படித்தவை போதும், முடிவுரைக்கு நீங்கள் ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும்.

நான்காவது, எல்லை. முடிவே சொல்லாதது ஒரு பள்ளம் என்றால், தரவு தாங்காததைச் சொல்வது எதிர்ப்பக்கப் பள்ளம். பழனி மலையின் புல்வெளிகளைப் பற்றி 2018இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாற்பது ஆண்டுகளில் மலை உச்சிப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாகவும், அந்த இடத்தைப் பிடித்தவை மரத் தோட்டங்களும் விவசாயமும் என்றும் சொன்னது. தலைப்பிலேயே இந்த முடிவை வைத்துவிட்டார்கள். ‘ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைக்கிற நமக்கு அது ஒரு பாடம். இதைப் படித்துவிட்டு ஒரு மாணவர், ‘எனவே வாட்டில், பைன், தைல மரங்கள் அனைத்தையும் உடனே வெட்ட வேண்டும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? பரப்பு குறைந்ததைப் படம் காட்டும். வெட்டினால் புல் திரும்ப வருமா, களை வருமா என்பதை அது காட்டாது. பழனி மலையில் தோட்ட மரங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்திருக்கும் இடங்களும் உண்டு. வெட்டலாமா என்பது வேறு ஆய்வின் கேள்வி. ஆகவே முடிவுரையில் ஒவ்வொரு ‘வேண்டும்’ வரும்போதும் நிறுத்தி, அதைத் தாங்கும் தரவு இடப்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது மேலாய்வுக்கான பரிந்துரை, தனித் தலைப்பில் போகட்டும்.

எல்லை சொல்வதால் ஆய்வு சிறுத்துவிடாது. கரும்புள்ளிக்கு மேலே உள்ள அடுக்குகளில் வாயு உள்நோக்கித் திரும்பிப் பாய்வது சில ஆண்டுகளுக்குள் தெரியவந்தது. எவர்ஷெட் விளைவு அதனால் பொய்யாகவில்லை, அது எந்த அடுக்குக்குப் பொருந்தும் என்பது தெளிவாயிற்று.

இப்போது சிவப்புப் பேனாவை எடுங்கள். முடிவுரையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை அடிக்கோடிடுங்கள். கூறப்பட்டது, விளக்கப்பட்டது, காணப்பட்டது என்று ‘பட்டது’களாக வரிசைகட்டி நின்றால் அது தொகுப்புரை, பெயரை மாற்றுங்கள் அல்லது உள்ளே இருப்பதை மாற்றுங்கள். காரணம், அல்ல, பொருந்தாது, மாறாக, இவ்வளவுக்கு மட்டும் போன்ற சொற்கள் தட்டுப்படத் தொடங்கினால் முடிவு எட்டிப் பார்க்கிறது என்று பொருள். புதிய மேற்கோள், புதிய அட்டவணை, அதுவரை வராத அறிஞர் பெயர் எதுவும் இந்த இயலுக்குள் நுழையக் கூடாது. பந்தி எழும் நேரத்தில் யாரும் புது இலை போடுவதில்லை.

சில பல்கலைக்கழகங்களின் விதிமுறையே ‘தொகுப்புரையும் முடிவுரையும்’ என்று ஒரே இயலாகக் கேட்கும். கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஆனால் உள்ளே இரண்டு உட்தலைப்பு போட்டுப் பிரித்துக் கொடுங்கள். தொகுப்புரை இரண்டு பக்கம் போதும்.

டிடிபி கடைக்கு அனுப்புமுன் கடைசி இயலை மட்டும் அச்செடுத்து, வேறு துறையில் படிக்கும் தோழி ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு, “நீ எதை ஆராய்ந்தாய் என்று புரிகிறது” என்று அவர் சொன்னால் வேலை இன்னும் பாக்கி. “அப்படியா, குறியீடு வாங்கினாலும் விலை கூடும்னு சொல்ல முடியாதா? ஏன்?” என்று கேட்டால் சுருள் கம்பி போடச் சொல்லலாம்.