அயல்நாட்டுக் கம்பெனியும் நம் நீதிமன்றமும்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளையோ நம் கைத்தறித் துணிகளையோ அயல்நாட்டுக் கம்பெனியொன்று தன் சென்னை அலுவலகத்தின் வாயிலாகக் கடனுக்குக் கொள்முதல் செய்கிறது எனக் கொள்வோம். பாக்கி நின்றுவிட்டால் நம் உழைப்பின் கதி என்ன?

பிற நாட்டில் பதிவுபெற்ற கம்பெனியையும் நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆயினும், இங்கு அலுவலகம் நிறுவிய 30 நாட்களுக்குள் அது தன் அமைப்பு விதிகளையும், நீதிமன்ற அறிவிப்புகளைத் தன் சார்பில் பெறும் இந்தியவாசியின் பெயர், முகவரியையும் கம்பெனிப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 380-ஆம் பிரிவு இதனை விதிக்கின்றது.

அளிக்கத் தவறினாலும் ஒப்பந்தம் செல்லாமற் போகாது. 393-ஆம் பிரிவின்படி, அக்கம்பெனிமீது நாம் வழக்குத் தொடரலாம். அக்கடமையை நிறைவேற்றும் வரை அதுவோ அவ்வொப்பந்தத்தைக் கொண்டு நம்மீது வழக்குத் தொடர இயலாது.

ஆகவே அங்கத்தினர்களே, சரக்கை அனுப்புமுன் அப்பெயரையும் முகவரியையும் கேட்டுச் சங்கப் பதிவேட்டில் குறித்துவையுங்கள். வழக்கென வந்தால் அறிவிப்புச் சென்று சேரவேண்டிய இடம் அதுவே.