விண்ணில் மூப்பு

செயற்கைக்கோள் என்றதும் நம் நினைவுக்கு வருவது அது ஏவப்படும் நாள்தான். நெருப்பும் புகையும் சூழ ராக்கெட் கிளம்புகிறது, கைதட்டல் எழுகிறது, மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. அதன்பின் அந்தக் கலம் என்னவாயிற்று என்று கேட்பவர் மிகச் சிலரே. மேலே சென்ற கருவி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது, தேய்கிறது, நோயுறுகிறது. அதைத் தொட்டுப் பார்க்க ஒரு கை கிடையாது. ஹப்பிள் தொலைநோக்கி பாக்கியம் செய்தது. 1993 முதல் 2009 வரை ஐந்து முறை விண்வெளி வீரர்கள் சென்று அதைச் செப்பனிட்டு வந்தார்கள். நிலத்தைப் படமெடுக்கும் கோள்கள் துருவங்களை ஒட்டிச் சுற்றுபவை. அங்கே அவற்றைச் செப்பனிட யாரும் சென்றதில்லை. ஆகவே அவற்றுக்கு வைத்தியம் முழுவதும் தரையிலிருந்து அனுப்பும் வானொலிக் கட்டளைகளால்தான் நடந்தாக வேண்டும். அந்த வைத்தியத்தைப் பற்றி, இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கலத்தை வைத்துக்கொள்கிறேன். அதன் பெயர் லேண்ட்சாட்-5.

அமெரிக்காவின் இந்தக் கலம் 1984 மார்ச் 1ஆம் நாள் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து ஏவப்பட்டது. 705 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 99 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றியது. 185 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாக நிலத்தைப் படமெடுத்து, 16 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேல் திரும்பி வந்தது. இதற்கு வகுத்த ஆயுள் மூன்றே ஆண்டுகள். உழைத்ததோ 28 ஆண்டுகளும் 10 மாதங்களும். மிக நீண்ட காலம் இயங்கிய புவி நோக்குக் கோள் என்று கின்னஸ் நூலினர் 2013இல் இதற்குச் சான்று அளித்தனர்.

சுற்றுப்பாதையில் விட்டபின் கோள் தானே சுற்றிக்கொண்டிருக்கும், எரிபொருள் தேவையில்லை என்று நாம் தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. உண்மை நிலை அவ்வளவு எளிதன்று. 705 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது கலத்தைச் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கும். இன்னொரு தொல்லை நுட்பமானது. இவ்வகைக் கோள்கள் ஓரிடத்தைக் கடக்கும்போது அங்கே எப்போதும் ஏறத்தாழ ஒரே மணியாக இருக்கும்படி பாதையைச் சாய்த்து அமைத்திருப்பார்கள். சூரியன், சந்திரன் ஆகியவற்றின் ஈர்ப்பு அந்தச் சாய்வை மெல்ல மாற்றுகிறது. சாய்வு மாறினால் கடக்கும் நேரம் மாறும். நேரம் மாறினால் நிழலின் நீளம் மாறும். அப்போது காடு கருத்துவிட்டதா, நிழல்தான் நீண்டுவிட்டதா என்று படத்தைப் பார்ப்பவர் திகைக்க நேரிடும். 1999இல் ஏவப்பட்ட டெர்ரா என்ற கோளுக்கு இந்நிலை வந்தது. காலை பத்தரை மணிக் கோளாக இருந்த அதன் சாய்வை 2020 பிப்ரவரியில் கடைசியாகத் திருத்தினார்கள். மீதி எரிபொருளைக் காக்க வேண்டியிருந்ததால் அதற்குப்பின் நேரத்தை நழுவ விட்டுவிட்டார்கள்.

லேண்ட்சாட்-5க்கு எரிபொருள் பஞ்சம் வரவில்லை. அதற்குக் காரணம் வியப்பானது. விண்வெளி ஓடம் ஒருநாள் வந்து இதைப் பிடித்துச் செப்பனிடும் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஓடம் எட்டக்கூடிய உயரத்துக்கு இறங்கி வர வேண்டுமே என்று கூடுதலாக எரிபொருள் நிரப்பி அனுப்பினார்கள். 1986இல் சேலஞ்சர் ஓடம் வெடித்துச் சிதறி ஏழு பேர் மாண்டனர். வாண்டன்பர்க்கிலிருந்து துருவப் பாதைக்கு ஓடம் அனுப்பும் திட்டம் அதனால் கைவிடப்பட்டது. மருத்துவர் வரவேயில்லை, அவருக்காக எடுத்து வைத்த எரிபொருளே நோயாளியை இத்தனை ஆண்டுகள் பாதையில் நிறுத்தியது.

இனி உடல் உறுப்புகளுக்கு வருவோம். முதலில் பேட்டரி. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் கலம் புவியின் நிழலில் செல்கிறது. வெயிலில் சூரியத் தகடு பேட்டரியை நிரப்ப வேண்டும். இருளில் பேட்டரி கலத்தைக் காப்பாற்ற வேண்டும். நாளுக்குப் பதினான்கு சுற்றுக்கு மேல் என்றால் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட முறை நிரம்பி வடிகிறது. நம் வீட்டுப் பேட்டரி எதுவும் இதைத் தாங்காது. 2007 அக்டோபரில் லேண்ட்சாட்-5இன் பேட்டரிகளுள் ஒன்றில் ஒரு மின்கலம் பழுதாகிவிடவே படப்பிடிப்பு நின்றது. மின்சாரத்தை எந்த அளவுக்குச் சிக்கனமாகச் செலவழித்தால் கலம் பிழைக்கும் என்று கணக்கிட்டுச் சில மாதங்களுக்குப் பிறகே மீண்டும் படமெடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே 2005இல் சூரியத் தகட்டைச் சூரியனை நோக்கித் திருப்பும் பொறி பழுதாயிற்று. மாற்றுப் பொறிக்கு மாறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அதுவும் தடுமாறியது. தகட்டைத் திருப்ப வேறொரு முறையைக் கண்டு, 2006 ஜனவரி இறுதியில் கலத்தை மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்தார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது கண்ணாடியின் கதை. இக்கலத்தின் முதன்மைக் கருவி ஒரே நொடியில் முழுப் படத்தையும் எடுப்பதன்று. உள்ளே ஒரு கண்ணாடி வினாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை இப்புறமும் அப்புறமும் ஊசலாடி, நிலத்தைக் கோடு கோடாகத் துழாவும். ஒவ்வொரு கோடியிலும் அது ஒரு தடுப்பில் மோதித் திரும்பும். வினாடிக்குப் பதினான்கு மோதல்! ஆண்டுகள் செல்லச் செல்லத் தடுப்புகள் தேய்ந்தன. தேயத் தேய ஊசலின் காலம் மாறியது. கருவியை அவ்வப்போது சரிபார்க்க உள்ளேயே ஒரு மூடி அசைந்துகொண்டிருக்கும். அதன் தாளமும் கண்ணாடியின் தாளமும் பொருந்தாமல் போயின. தாளம் தவறிய மேளக்கச்சேரியைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். புதுத் தடுப்பு பொருத்த வழியில்லை. ஆனால் வடிவமைத்தவர்கள் மாற்று இயக்க முறை ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அதில் கண்ணாடி மூடியின் தாளத்துக்குக் கட்டுப்பட்டு ஆடும். ஆனால் அது எக்கணத்தில் எக்கோணத்தில் நின்றது என்ற துல்லியமான விவரம் முன்போல் கிடைக்காது. 2002இல் இம்முறைக்கு மாறினார்கள். கிடைக்காத விவரத்தைத் தரையிலுள்ள கணிப்பொறி, படத்தில் தெரியும் நில அடையாளங்களைக் கொண்டு கணக்கிட்டுத் தந்தது. மேலே தேய்ந்த பகுதியைக் கீழே கணிதத்தால் ஈடுசெய்தார்கள் என்பது கணிதத்தைக் கண்டு அஞ்சும் நம் நண்பர்கள் சிந்திக்கத்தக்கது.

கலம் உயிருடன் இருந்தால் மட்டும் போதாது. அது சொல்வது மெய்யாகவும் இருக்க வேண்டும். உணரிகள் மங்கும்; அவற்றைச் சோதிக்கும் உள் விளக்குகளும் மங்கும். தராசும் எடைக்கல்லும் சேர்ந்தே தேய்ந்தால் என்ன செய்வது? நெவாடா மாநிலத்தின் ரயில்ரோடு வேலி என்ற வறண்ட ஏரிப் படுகைக்கு ஆய்வாளர்கள் கருவிகளுடன் சென்று, கோள் தலைக்கு மேல் கடக்கும் வேளையில் மண்ணிலிருந்து தெறிக்கும் ஒளியை அளந்து ஒப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறாத சகாராப் பாலைவனப் பகுதிகளும் அளவுகோலாயின. 1999 ஜூனில், புதிதாக ஏவப்பட்ட லேண்ட்சாட்-7 தன் நிலையான இடத்துக்குச் செல்லும் வழியில் லேண்ட்சாட்-5ஐ நெருங்கிப் பறந்தது. இரண்டும் ஒரே நிலத்தைச் சிறிது நேர இடைவெளியில் படமெடுத்தன. புதியதைக் கொண்டு பழையதைச் சரிபார்த்தார்கள்.

பழையதை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் காக்க வேண்டும், புதியது ஒன்றை அனுப்பலாகாதா என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். அனுப்பினார்கள். 1993இல் லேண்ட்சாட்-6 பாதையையே எட்டாமல் அழிந்தது. லேண்ட்சாட்-7இல் 2003 மே மாதம் ஒரு சிறு கண்ணாடிப் பொறி நின்றுவிட்டதால், அதன்பின் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 விழுக்காடு பகுதி வெறும் கீற்றுகளாய் விடுபட்டது. 1972 முதல் தொடர்ந்து வந்த நிலத்தின் பதிவேடு அறுபடாமல் இருக்க இந்த முதிய கலத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. காடு எவ்வளவு குறைந்தது, ஏரி எவ்வளவு சுருங்கியது என்பவை அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களை அடுக்கிப் பார்த்தே அறியத்தக்கவை. ஓராண்டு விடுபட்டால் பிறகு எத்தனை கோடி செலவழித்தாலும் அந்த ஆண்டைப் படமெடுக்க முடியாது.

இத்தனை அருமையான கலத்தை மனிதரே அணைத்துவிட இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். 1989இல் பணம் ஒதுக்கப்படாமையால் லேண்ட்சாட்-4, லேண்ட்சாட்-5 இரண்டையும் நிறுத்திவிடுமாறு அமெரிக்க அரசின் நிர்வாகத் துறை ஆணையிட்டது. கடைசி நேரத்தில் துணைக் குடியரசுத் தலைவர் தலையிட்டு அவசர நிதிக்கு ஏற்பாடு செய்ததால் அவை தப்பின. பேட்டரி, பொறி, கண்ணாடி ஆகியவற்றின் நோய்களைவிட இந்நோயே எனக்கு அச்சம் தருகிறது.

2009 ஆகஸ்டில் கலம் நிலைதவறிச் சுழலத் தொடங்கியது, மீட்டார்கள். 2011 நவம்பரில் படங்களைத் தரைக்கு அனுப்பும் பெருக்கி தளர்ந்தது. முதன்மைக் கருவி நின்றது. உடனே பத்தாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்த பழைய கருவியை எழுப்பிப் பார்த்தார்கள். அது விழித்துக்கொண்டு 2012இல் படம் தந்தது! பின்னர் மூன்று கைரோஸ்கோப்புகளில் ஒன்று பழுதாயிற்று. திசையறிந்து நிற்க இரண்டு போதும். ஆனால் அவற்றுள் இன்னொன்றும் போனால் கலம் எந்தக் கட்டளைக்கும் அடங்காது. அடங்காத கலம் அதே பாதையில் செல்லும் மற்றக் கோள்களுக்கு ஆபத்து. எனவே கட்டுப்பாடு கையிலிருக்கும்போதே ஓய்வு கொடுப்பதென 2012 டிசம்பரில் அறிவித்தனர்.

லேண்ட்சாட்-7க்கு விண்ணிலேயே எரிபொருள் நிரப்ப ஒரு கலம் அனுப்பும் திட்டமும் பின்னாளில் இருந்தது. அந்தத் திட்டம் 2024இல் கைவிடப்பட்டது. லேண்ட்சாட்-7 2025 ஜூனில் ஓய்வு பெற்றது.

லேண்ட்சாட்-8 2013 பிப்ரவரி 11ஆம் நாள் ஏவப்பட்டது. முதிய கலமோ மீதமிருந்த எரிபொருளைச் செலவிட்டுத் தன் பாதையிலிருந்து கீழிறங்கி வழிவிட்டது. 2013 ஜூன் 5ஆம் நாள், வேறு கோள்களின் செய்திகளுக்கு இடையூறு நேராதபடி, அதன் ஒலிபரப்பியை அணைக்கும் கட்டளை அனுப்பப்பட்டது. அதுவரை ஒன்றரை லட்சம் முறைக்கு மேல் புவியைச் சுற்றி, 25 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைத் தந்திருந்தது. 2008 முதல் இப்படங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். நம் மாவட்டத்து ஏரிகளின் 1980களின் தோற்றத்தைக் காண விரும்பும் நண்பர்கள் கணிப்பொறியில் தேடிப் பார்க்கலாம்.