நான்கு சேர்வரை ஒன்றாக்கலாம். பிரதியை எங்கே வைப்பது?

வியாபாரம் வளர வளர நமது ஊர்களில் கணனியும் பெருகிவிட்டது. மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு ஒரு சேர்வர், பில்லுக்கும் ஸ்டொக்குக்கும் இன்னொன்று, கிளைகளின் கோப்புகளுக்கு ஒன்று, ஊழியர் வரவுக்கும் சம்பளத்துக்கும் மற்றொன்று என நான்கு பெட்டிகள் பின்னறையில் இரவு பகலாக ஓடுகின்றன. பெரும்பாலான நேரம் அவை தமது சக்தியில் ஒரு சிறு பங்கையே பாவிக்கின்றன. ஆனால் மின்கட்டணம், ஏசி, யூ.பி.எஸ். பற்றரி, திருத்தச் செலவு எல்லாம் நான்குக்கும் வருகின்றன.

இதற்குத் தீர்வாக வந்ததே 'வேர்ச்சுவலைசேஷன்', அதாவது மெய்நிகராக்கம். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நமது பஸாரில் உள்ள கடைத்தொகுதியைப் போன்றதுதான் இது. கட்டடம் ஒன்று, கூரை ஒன்று; உள்ளே தனித்தனிக் கடைகள், தனித்தனிப் பூட்டுகள். அதுபோல ஒரு நல்ல சேர்வரை 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருள் பல சேர்வர்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு கடையில் கோளாறு வந்தால் பக்கத்துக் கடை தொடர்ந்து நடக்கும்.

ஹைப்பர்வைசரில் மூன்று பெயர்களை அறிந்து வைப்பது நல்லது. முதலாவது, 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய விஎம்வெயார். 2023 நவம்பரில் அதனை புரோட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே ஒரு தடவை பணம் கட்டி வாங்கும் முறை நிறுத்தப்பட்டு, சந்தா முறை வந்தது. இரண்டாவது, மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி. இது விண்டோஸ் சேர்வருடன் வரும். ஆனால் ஸ்டாண்டர்ட் அனுமதியில் இரண்டு மெய்நிகர் விண்டோஸ் சேர்வர்களையே ஓட்டலாம். நான்கு வேண்டுமென்றால் அனுமதியும் இரட்டிப்பாகும். மூன்றாவது, 2008இல் ஒஸ்திரியாவிலிருந்து வெளிவந்த புரொக்ஸ்மொக்ஸ். இது இலவசம், உதவிச் சேவை வேண்டுவோர் மட்டும் சந்தா கட்டுவர்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். கூரை விழுந்தால் எல்லாக் கடையும் போய்விடும். 2023 பெப்ரவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விஎம்வெயார் சேர்வர்களைக் கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021இலேயே வெளிவந்திருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டனர். ஒரு பெட்டி பூட்டப்பட்டதும் அதனுள் இருந்த எல்லாச் சேர்வர்களும் நின்றன.

நமது நாட்டிலும் பாடம் உண்டு. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் லங்கா அரச கிளவுட் என்ற ஒரே இடத்தில் இருந்தன. 2023 ஓகஸ்ட் 26இல் அதே வகை வைரஸ் தாக்கியது. சேவை மீண்டு வந்தது. ஆனால் மே 17 முதல் அன்று வரையான காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. சுமார் 5,000 முகவரிகளின் மூன்று மாதத்துக்கு மேலான கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. நமக்கு அப்படி நடந்தால் மூன்று மாதக் கடன் வரவை யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, சேர்வர்களை ஒன்றாக்குமுன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று: முடியுமானவர்கள் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பெட்டிகளை வாங்குங்கள். ஒன்றிலுள்ளது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மற்றதில் பதிவாகும்படி செய்யலாம். முடியாதவர்கள் பழைய சேர்வர் ஒன்றையாவது கைவசம் வைத்திருங்கள்.

இரண்டு: இரட்டை ஹாட் டிஸ்க் பெக்கப் ஆகாது, 'ஸ்னப்ஷொட்' எடுப்பதும் ஆகாது. அவை அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. தரவு மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் ஒன்று கணனியிலிருந்து கழற்றி வைத்த டிஸ்க்காக இருக்கட்டும்.

மூன்று: அந்த டிஸ்க்கைப் பக்கத்துத் தெருவில் வைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இந்தக் கரை நெடுகக் கடையும் வீடும் ஒன்றாகவே போயின. சம்மாந்துறை போன்ற உள்ளூர்ப் பக்கம் ஒரு பிரதி இருக்கட்டும்.

நான்கு: ஒவ்வொரு சேர்வராக மாற்றுங்கள். கணக்கு மென்பொருளுக்கு யூ.எஸ்.பி. சாவி இருந்தால் அது புதிய முறையில் வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள். கமெராப் பதிவுகளை இதற்குள் சேர்க்காதீர்கள். அவை டிஸ்க்கைத் தின்றுவிடும்.

ஐந்து: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதியை வேறொரு கணனியில் ஏற்றி, நேற்றைய பில் வருகிறதா என்று காசாளரைக் கொண்டே பார்க்கச் செய்யுங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசு.

சேர்வர் விற்க வருபவர் எவ்வளவு மிச்சம் என்று சொல்வார். அது பெரும்பாலும் உண்மைதான். நான் கேட்கச் சொல்வது ஒரு கேள்வியைத்தான்: "இந்தப் பெட்டி இன்றிரவு எரிந்துபோனால், நாளை எத்தனை மணிக்கு நான் பில் போடலாம்?" நேரம் சொல்லிப் பதில் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள்.