கை சொல்வதைக் கேள்

கண்ணு, சேர்த்து வைத்த காசில் சொந்தமாக ஒரு மிடி கன்ட்ரோலர், அதாவது கணினி இசையைக் கையால் இயக்கும் பெட்டி, செய்யப்போவதாகச் சொன்னாய். அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டுகளைப் பழுதுபார்த்தே என் வாழ்நாளில் பாதி போனது. கன்ட்ரோலர் செய்யக் கற்றது முடி நரைத்த பிறகுதான். நான் விழுந்து எழுந்த இடங்களை உனக்கு எழுதி வைக்கிறேன்.

1. சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன், வாசிக்கப்போகிறவர் பக்கத்தில் போய் உட்கார். என் முதல் பெட்டியில் 16 குமிழ்கள் வைத்தேன். ஆர்டோர் மென்பொருளில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் ஒரு பையனுக்காகச் செய்தது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், மூன்று குமிழ்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தன. மற்ற பதின்மூன்றிலும் தூசி. அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தத் தூசி சொன்னது. அவன் வேலை செய்யும்போது மவுஸ் எங்கெங்கே போகிறது என்று ஒரு மாலைப்பொழுது பார்த்துக் குறித்திருந்தால் போதும். கடையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான். வேண்டாததை வைக்காமல் விட்டால் நிறைய மிச்சமாகும்.

2. மிடி வயரில் ஓசை போகாது, சேதிதான் போகும். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எந்தக் குமிழை எதுவரை திருப்பினாய், அவ்வளவுதான். பெரும்பாலான சேதிக்கு மூன்று பைட் போதும். அளவுகள் 0 முதல் 127 வரை. ஓசையை உண்டாக்குவது கணினியின் வேலை. அதனால்தான் உன் பெட்டி மலிவாக முடியும். இந்த மொழி 1983-ல் வந்தது. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ காக்கெஹாஷியும் வியாபாரத்தில் போட்டியாளர்கள். இருந்தும், ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேச வேண்டும் என்று முன்னின்று உழைத்தார்கள். அந்த மொழியைப் பயன்படுத்துகிறவர்களிடம் காசு கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 2013-ல், இருவருக்கும் சேர்த்துத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை வயரைச் செருகும்போதும் அவர்களை நான் நினைத்துக்கொள்வேன்.

3. பெட்டிக்குள் மூளையாக இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்கு: யுஎஸ்பி வழியாகத் தானே மிடி கருவியாகக் கணினியிடம் அறிமுகம் செய்துகொள்ளுமா? அட்மெகா 32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ செய்யும், ராஸ்ப்பெரி பை பிகோ செய்யும். எல்லோரும் வைத்திருக்கும் ஆர்டுயினோ ஊனோ அப்படியே செய்யாது. கேட்காமல் வாங்கி மூன்று நாள் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

4. ஒரு குமிழ் சரியாக வேலை செய்த பிறகு அடுத்ததற்குப் போ. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒருமுறை கல்யாணக் கச்சேரிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, 24 பொத்தான்களையும் ஒரே மூச்சில் வைத்துப் பற்றவைத்தேன். ஐந்தாவதை அழுத்தினால் ஆறாவதும் சேர்ந்து அடித்தது. இரண்டு இரவு புரோகிராமில் தேடினேன். மூன்றாம் நாள் காலை போர்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். வெயில் பட்டதும் இரண்டு கால்களுக்கு நடுவே மினுக்கென்று ஒரு கோடு. தலைமுடியைவிட மெல்லிய ஈய இழை. ஊசி முனையால் சுரண்டினேன், போய்விட்டது. கச்சேரி அதற்கு முந்தின நாளே முடிந்திருந்தது. அந்தக் குழுவின் தலைவர் என்னிடம் கோபப்படவில்லை. அடுத்த வேலையையும் என்னிடம் தரவில்லை.

5. கருவி கோணினால் முதலில் உன் வேலையைச் சந்தேகி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருமுறை குமிழைப் பாதி திருப்பும் வரை ஒலி எழும்பவே இல்லை, பிறகு திடீரென்று தாவியது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டார் என்று ஏசினேன். குமிழுக்கு அடியில் இருக்கும், கடையில் வால்யூம் கன்ட்ரோல் என்று சொல்லும் சாமானில் இரண்டு ஜாதி உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கானது லாக், நமக்கு வேண்டியது லீனியர், பெரும்பாலும் 'பி10கே' என்று அச்சிட்டிருக்கும். நான் கேட்டு வாங்கியது லாக். மறுநாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்னொன்று: யாரும் தொடாதபோதே குமிழின் எண் 63, 64, 63 என்று துடித்துக்கொண்டிருக்கும். கிரவுண்ட் வயரின் ஜாயின்டைப் பார். அதன்பின் புரோகிராமில், 0 முதல் 1023 வரை வரும் அளவு பத்துப் படியாவது நகர்ந்தால்தான் சேதி அனுப்பு என்று எழுது. பொத்தானும் ஒரே அழுத்தத்தில் பலமுறை அதிரும். முதல் தொடுகைக்குப் பிறகு சில மில்லிசெகண்ட் புரோகிராமைக் காதை மூடிக்கொள்ளச் சொல். இல்லாவிட்டால் ஒரு 'தா' இரண்டு 'தா' ஆகிவிடும்.

6. இது என் மனத்தில் இன்றும் உறுத்துவது. வீணை சொல்லித்தரும் ஓர் அம்மாளிடம் நான் செய்த சின்ன கீபோர்டைப் பெருமையோடு நீட்டினேன். காந்தாரத்தில் விரலை வைத்தார். வைத்த விரலைத் தந்தியை இழுப்பதுபோல மெல்லப் பக்கவாட்டில் இழுத்தார். கட்டை அசையவில்லை, சுரமும் அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு கட்டைகளையும் சரியாக வைத்திருந்தேன். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் சங்கீதத்துக்கு இடம் வைக்கவில்லை. மிடியில் அதற்கு வழி இருக்கிறது. பிட்ச் பெண்ட் என்ற சேதிக்கு 128 படி இல்லை, 16,384 படி, நடு 8192. மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி என்று வளையவிட்டால், 128 படியில் ஒவ்வொரு படியும் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தாவும். கமகம் மாடிப்படி ஏறுவதுபோல் கேட்கும். பிட்ச் பெண்டை விரல் வைத்துத் தேய்க்கும் ரிப்பன் சென்சாரோடு இணைத்து, ஓசையை உண்டாக்கும் சிந்த் மென்பொருளிலும் வளைவின் எல்லையைக் கூட்டி வை. வழக்கமாக அது இரண்டு அரைச்சுரத்தில்தான் இருக்கும். நான் மறுபடி செய்து எடுத்துப்போக நாலு மாதம் ஆனது. அம்மாள் அரை மணி நேரம் தோடி வாசித்தார்.

7. பெட்டியைப் பசை போட்டு ஒட்டாதே, ஸ்க்ரூ போடு. பழுதுபார்ப்பவன் கேட்கிறேன். உள்ளே எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி மூடிக்கு உட்புறம் ஒட்டு. ஆர்டோர், எல்எம்எம்எஸ், ப்யூர் டேட்டா என்ற இசை மென்பொருள்கள் எல்லாம் மூலநிரலை நம் முன் திறந்து வைத்த மனிதர்களின் உழைப்பு. உன் சர்க்யூட் படத்தையும் புரோகிராமையும் நீயும் திறந்து வை. எங்கே தப்பு செய்தாய் என்பதையும் சேர்த்து எழுது. எனக்கு உதவியதெல்லாம் மற்றவர்கள் மறைக்காமல் எழுதிய தப்புகள்தான்.

8. யாராவது முதன்முதலாகத் தொட்டு வாசிக்கும்போது விளக்கம் சொல்லாதே. அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார். எனக்கு அந்த வாயடக்கம் வரப் பத்து வருடம் ஆனது.

9. நாளைக்கு ஒரே ஒரு பி10கே வாங்கு. ஓரக் கால்கள் இரண்டில் ஒன்று கிரவுண்டுக்கு, இன்னொன்று போர்டின் மின்சாரக் காலுக்கு, பிகோவானால் 3.3 வோல்ட். நடுக்கால் அனலாக் பின்னுக்கு. அங்கே வரும் அளவை மிடி சேதியாக அனுப்பும் புரோகிராமைப் போர்டில் ஏற்று. எல்எம்எம்எஸ்-ஐத் திறந்து, ஏதாவது ஒரு குமிழின் மேல் வலது கிளிக் செய்து உன் கன்ட்ரோலரோடு இணை. நீ கையால் திருப்பும்போது திரையில் அதுவும் சேர்ந்து திரும்பும். அந்த நிமிடம் எனக்குப் போன் பண்ணு கண்ணு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.